ஊர்ப் பணமும் கண்டிராக்டும்

ஒரு தெருவுக்குச் சாக்கடை கட்டுவதும் ராஜாங்க விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். ராஜாங்க விஷயந்தான் என்பது நமது அபிப்பிராயம். டில்லியிலும் சென்னையிலும் நடக்கும் பெரிய காரியங்களைப் பத்திரிகையில் படிக்கிறோம். வீட்டு வாசலில் நடக்கும் காரியத்தைக் கண்ணால் பார்க்கிறோம். படித்ததைப் பற்றிப் பொழுது சாயும்வரை விவாதிக்கிறோம். பார்த்ததைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. சுயராஜ்யம் என்ற சொல்லுக்குச் சாமானிய மனிதன் தொட்டுப் பார்க்கத்தக்க பொருள் ஒன்று உண்டானால், அது அவன் கொடுத்த வரியைக் கொண்டு அவன் தெருவில் போடப்படும் சிமெண்டுத் தளமேயாகும். அந்தத் தளம் பத்து வருஷம் நிற்குமா, அடுத்த ஐப்பசி மழைக்கே கரைந்து போகுமா என்பது, அதைப் போடும் வேலையை யாரிடம், எந்த முறையில் ஒப்படைத்தார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆகவே, ஸ்தல ஸ்தாபனங்கள் கண்டிராக்டர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி இன்று சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

பரவையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும் சாலையில், வைகைக்கு வடபுறத்தில் உள்ள ஊர் இது. நாட்டுப்புறப் பாடகி முனியம்மாள் தமது பெயரோடு ஊரின் பெயரையும் சேர்த்துத் தமிழ்நாடு முழுவதும் தெரியச் செய்தார். அவர் 2020-ல் காலமானார். இங்குள்ள காய்கறி மார்க்கெட்டுக்கு இரவும் விடியற்காலையும் பாரமேற்றிய லாரிகள் வந்து போகின்றன. ஊரை நிர்வகிப்பது ஒரு பேரூராட்சி. எவர்மீதும் குற்றம் சாட்டுவதற்காக நாம் இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. முழு நகரமும் அல்லாமல் வெறுங் கிராமமும் அல்லாமல், பட்டணம் தன்னை நோக்கி நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்களுக்குப் பரவை ஒரு நல்ல மாதிரி. தமிழ்நாட்டில் சுமார் 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. வீடுகள் பெருகுகின்றன, வீடுகளுக்குப் பின்னால் தெருவும், தெருவுக்குப் பின்னால் சாக்கடையும், குழாயும், விளக்கும் வந்தாக வேண்டும். இத்தகைய ஊர்களில் எந்நாளும் ஏதாவதொரு கட்டுமான வேலை நடந்துகொண்டே இருக்கும். எனவே கண்டிராக்டு என்பது இங்கே எப்பொழுதோ வரும் திருவிழாவன்று. அன்றாட நிர்வாகமே அதுதான்.

வேலை பிறக்கும் விதம்

முதலில் ஒரு வேலை எப்படிப் பிறக்கிறதென்று பார்ப்போம். தெருவுக்குத் தளம் வேண்டுமென்று வார்டு உறுப்பினர் கேட்கிறார். இஞ்சினீயர் தெருவை அளந்து எஸ்டிமேட் தயாரிக்கிறார். எத்தனை கனமீட்டர் மண் வெட்ட வேண்டும், எத்தனை கனம் கான்கிரீட் போட வேண்டும் என்று கணக்கிட்டு, சர்க்கார் வருஷந்தோறும் வெளியிடும் விலை விகித அட்டவணைப்படி அவற்றுக்கு விலை போடுகிறார். மன்றம் தீர்மானம் நிறைவேற்றுகிறது. மேலதிகாரிகள் அனுமதி கொடுக்கிறார்கள். அதன்பின் டெண்டர் அறிவிப்பு வெளிவருகிறது. கண்டிராக்டர்கள் தத்தம் தொகையை எழுதி, ஈட்டுப் பணம் கட்டி, டெண்டர் கொடுக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் அவை திறக்கப்படுகின்றன. தகுதியுள்ளவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகிறது. வேலை நடக்க நடக்க இஞ்சினீயர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அந்த அளவுக்குப் பில் போட்டுப் பணம் கொடுக்கப்படுகிறது.

இந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். டெண்டர் திறப்பது அவற்றுள் ஒன்றே ஒன்று. ஆனால் கண்டிராக்டு ஊழல் என்றவுடன் நமக்கெல்லாம் அந்த ஒரு கண்ணிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே பூட்டுப் போட்டுவிட்டால் பொக்கிஷம் பத்திரமாகிவிட்டதென்று நினைக்கிறோம். அது தவறான எண்ணம் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்காட்ட விரும்பும் விஷயம்.

சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. டெண்டர் விஷயங்கள் வெளிப்படையாக நடைபெற வேண்டுமென்பதற்காகவே தமிழ்நாட்டில் 1998-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2000-ல் ஏற்பட்டன. அவை பேரூராட்சிகளையும் கட்டுப்படுத்தும். 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வேலையானால் டெண்டர் கொடுக்கக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதானால் 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். இந்த அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்து அனுமதிக்க வேண்டும். டெண்டர்களை மதிப்பிடும் அளவுகோலை முன்கூட்டியே டெண்டர்ப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். பிற்பாடு புதிய அளவுகோலைக் கொண்டுவரலாகாது. குறைந்த தொகையும் மார்க்கெட் விலையைவிட அதிகமாயிருந்தால், குறைந்த தொகை கேட்டவர் ஒருவரிடம் மட்டுமே பேரம் பேசலாம். டெண்டர் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதோடு, மற்றவர்களுடையவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்ற காரணங்களையும் டெண்டர் செய்தி இதழுக்குத் தெரிவிக்க வேண்டும். மனக்குறையுள்ள கண்டிராக்டர் 10 நாட்களுக்குள் சர்க்காரிடம் அப்பீல் செய்துகொள்ளலாம். இப்பொழுது டெண்டர்கள் மின்னணு முறையில் இணையதளத்தின் வாயிலாகவும் பெறப்படுகின்றன. டெண்டர்ப் பெட்டிக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் போட்டிக்காரர்களைத் திருப்பியனுப்பும் பழைய தந்திரம் அதனால் கடினமாயிற்று.

இவையெல்லாம் நல்ல விதிகளே. ஆனால் வாசற் கதவுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், கொல்லைப்புறம் திறந்திருந்தால் பயன் என்ன? கொல்லைப்புறங்கள் நான்கு.

நான்கு கொல்லைப்புறங்கள்

முதலாவது, எஸ்டிமேட். தேவையில்லாத வேலையைச் சேர்த்தோ, உள்ள வேலையின் அளவைப் பெருக்கியோ எஸ்டிமேட் போட்டுவிட்டால், அதன்பின் எவ்வளவு நேர்மையாக டெண்டர் நடந்தாலும் ஊருக்கு நஷ்டந்தான். 80 மீட்டர் நீளமுள்ள தெருவை 100 மீட்டர் என்று எழுதிவிட்டால், குறைந்த தொகை கேட்டவருங்கூட இல்லாத 20 மீட்டருக்கும் சேர்த்தே கேட்கிறார். தெருவின் நீளம் அத்தெருவில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். எஸ்டிமேட்டில் என்ன எழுதியிருக்கிறதென்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, நிபந்தனை. இன்னாருக்குத்தான் வேலை என்று மனத்தில் முடிவு செய்துகொண்டு, அவருக்கு மட்டும் பொருந்தும்படி தகுதி நிபந்தனைகளை எழுதுவது ஒரு வகை. எழுதிய நிபந்தனையை வேண்டியவருக்காகத் தளர்த்துவது மற்றொரு வகை. பின்னதைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டு 1979-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. பம்பாய் விமான நிலையத்தில் உணவு விடுதியும் சிற்றுண்டிச் சாலைகளும் நடத்துவதற்கு விமான நிலைய நிர்வாகத்தார் டெண்டர் கோரினார்கள். ஹோட்டல் தொழிலில் ஐந்து வருஷ அனுபவமுள்ள, பதிவுபெற்ற இரண்டாந்தர ஹோட்டல்காரராயிருக்க வேண்டுமென்பது நிபந்தனை. அந்த நிபந்தனைக்கு உட்படாத ஒருவருக்கே கண்டிராக்டு கொடுக்கப்பட்டது. ஒரு பொது ஸ்தாபனம் தானே வகுத்த நிபந்தனைக்குத் தானே கட்டுப்பட்டது. அதை மனம்போனபடி மீறுவது அரசியல் சட்டம் வழங்கும் சமத்துவத்துக்கு விரோதம் என்று நீதிபதி பகவதி தீர்ப்பில் விளக்கினார். ஆயினும் வழக்குத் தொடர்ந்தவர் காலங்கடந்து வந்தார் என்பதையும், கண்டிராக்டு பெற்றவர் அதற்குள் பணம் செலவிட்டுவிட்டார் என்பதையும் கருதி, அந்தக் கண்டிராக்டைக் கோர்ட்டு ரத்து செய்யவில்லை. கொள்கை வென்றது; கண்டிராக்டு நிலைத்தது. வேலை முடிந்தபின் நியாயம் கேட்டால், நியாயம் கிடைத்தாலும் வேலை திரும்பி வராது என்ற பாடத்தை இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கண்டிராக்டர்களின் கட்டுப்பாடு. இந்த வேலை உனக்கு, அடுத்த வேலை எனக்கு என்று அவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, முறை வந்தவர் ஒரு தொகையும் மற்றவர்கள் அதற்கு மேற்பட்ட தொகைகளும் எழுதினால், காகிதத்தில் போட்டி நடந்ததாகவே தோன்றும். இது நமது ஊர்களுக்கே உரிய நோய் என்று எண்ணி நாணவேண்டியதில்லை. கனடாவிலுள்ள மாண்ட்ரியால் மாநகரில் சாக்கடை, நடைபாதை முதலிய வேலைகளில் இந்தக் கட்டுப்பாடு பல ஆண்டுகள் நடந்துவந்தது. 2011-ல் குவிபெக் மாகாண சர்க்கார் நீதிபதி ஷார்போனோ அம்மையாரின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. கண்டிராக்டர்கள் முறை வைத்து வேலைகளைப் பகிர்ந்துகொண்டதும், அரசியல் கட்சிக்குச் சதவீதம் போய்ச் சேர்ந்ததும் சாட்சியங்களில் அம்பலமாயின. கமிஷனின் அறிக்கை 2015-ல் வெளிவந்தது. படிப்பும் செல்வமும் நிறைந்த தேசத்திலேயே அப்படி நடந்ததென்றால், டெண்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் போட்டி நடந்ததென்று நாம் நிம்மதியடையலாமா?

நான்காவது, அளவுப் புத்தகம். தரப்பட்ட வேலைக்கும் செய்யப்பட்ட வேலைக்கும் உள்ள வித்தியாசம் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். மண்ணுக்கடியில் போன கம்பியையும், தளத்தின் கனத்தையும் வேலை முடிந்தபின் யார் பார்க்க முடியும்? புத்தகத்தில் எழுதியதே சாட்சி. எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் ஒத்துப்போனால், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்ற கதைதான்.

அறச் செட்டு முழு நஷ்டம்

குறைந்த தொகைக்கே வேலை என்ற விதி இருக்கும்போது ஊருக்கு எப்படி நஷ்டம் வரும் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருத் தளத்துக்கு நியாயமான எஸ்டிமேட் 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஏழரை லட்சத்துக்குச் செய்வதாக எழுதுகிறார். சிமெண்டு விலை அவருக்கு மட்டும் குறையவில்லை. ஜல்லியும் மணலும் கம்பியும் எல்லோருக்கும் ஒரே விலைதான். கொத்தனாரும் சித்தாளும் கூலியில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கமாட்டார்கள். அப்படியானால் அந்த இரண்டரை லட்சம் எங்கிருந்து வரும்? ஆறு அங்குல கனம் இருக்க வேண்டிய தளம் நாலரை அங்குலமானால் பொருளில் சரியாகக் கால் பங்கு மிச்சம். முதல் நாள் இரண்டு தளங்களும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். மார்க்கெட்டுக்கு வரும் லாரி ஏறி இறங்கிய பின்னரே வித்தியாசம் தெரியும். இரண்டு வருஷத்தில் அதே தெருவுக்கு மறுபடியும் டெண்டர்! அறச் செட்டு முழு நஷ்டம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இதனால் குறைந்த தொகை என்ற விதியையே எடுத்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டால் அதிகாரியின் விருப்பமே விதியாகிவிடும். அது இதைவிடப் பெரிய அபாயம். குறைந்த தொகை என்ற விதி, கனத்தை அளந்து பார்க்கும் கண் இருக்கும் இடத்தில் மட்டுமே ஊருக்கு நன்மை செய்யும் என்பதே நமது வாதம். அளப்பவர் கண்டிப்பானவர் என்று தெரிந்தால் எவரும் அசாத்தியமான தொகையை எழுதத் துணியமாட்டார்.

கண்டிராக்டர்களின் கட்சியையும் சொல்லியாக வேண்டும். அவர்களெல்லோரும் கொள்ளைக்காரர்களல்ல. நாணயமாக வேலை செய்து, பில் பாஸாவதற்கு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் பலருண்டு. கடன் வாங்கிப் பொருள் போட்டவனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. இன்னின்னாருக்கு இவ்வளவு என்ற எழுதாத சட்டம் இருக்கும் இடத்தில், அந்தத் தொகையும் அவன் கணக்கில்தான் ஏறும். இந்த நிலையில் நாணயஸ்தன் தொழிலை விட்டு விலகுகிறான், மற்றவன் நிலைக்கிறான். பில்லைக் குறித்த காலத்தில் கொடுப்பதும் நல்ல கண்டிராக்டரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஒரு பகுதி என்பதை ஸ்தல ஸ்தாபனங்கள் உணர வேண்டும்.

கண்டிராக்டரே வேண்டாமா?

கண்டிராக்டரே வேண்டாம், ஜனங்களே வேலையைச் செய்துகொள்ளட்டும் என்று கூறுவோரும் உளர். கேட்க இனிமையான யோசனைதான். நமது ஏரிகளும் கண்மாய்களும் குடிமராமத்தினால் காப்பாற்றப்பட்டவை என்பதும் மெய்யே. தமிழ்நாட்டு சர்க்கார் 2017-ல் 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்க வேண்டும். டெண்டரின்றி அவர்களுடைய சங்கத்தாரிடமே வேலை ஒப்படைக்கப்படும் என்பது ஏற்பாடு. சில இடங்களில் கண்மாய்கள் நன்றாகவே சீர்பெற்றன. வேறு சில இடங்களில் சங்கத்தின் பெயரில் பழைய கண்டிராக்டர்களே வேலை செய்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. பெயர்ப் பலகையை மாற்றினால் முறை மாறிவிடாது. செலவைப் பார்க்கும் கண் இல்லாவிட்டால் கண்டிராக்டர் வந்தாலும் ஒன்றுதான், சங்கம் வந்தாலும் ஒன்றுதான்.

மதுரை நகரமே இவ்விஷயத்தில் ஒரு வேடிக்கையான பாடம் வைத்திருக்கிறது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன், பழைய கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க விரும்பினார். இடித்துச் சமன்படுத்துகிறவர்களுக்கே அந்த நிலம் என்று ஏற்பாடு செய்தார். நகரம் விரிந்தது, வெளி வீதிகள் உண்டாயின. அந்த வேலையை நடத்தி வைத்தவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்றும் நிற்கின்றன. வெள்ளைக்காரக் கலெக்டரின் ஒருவர் ஆட்சியை நாம் புகழ வேண்டியதில்லை. ஆனால் வேலையை நடத்திய மேஸ்திரியின் பெயர் ஊராருக்குத் தெரிந்திருந்தது. நூற்றெண்பது வருஷம் கழித்தும் தெரிகிறது. சென்ற வருஷம் உங்கள் தெருவில் சாக்கடை கட்டிய கண்டிராக்டரின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மன்றத்தின் கடமை

இந்தப் பெயரையும் கணக்கையும் ஊருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது ஊர் மன்றம். ஸ்தல சுயாட்சி என்ற கருத்தை 1882-ல் ரிப்பன் பிரபு ஒரு தீர்மானமாக வெளியிட்டார். சேலத்தில் ராஜாஜியும், அலகாபாத்தில் ஜவஹர்லாலும், ஆமதாபாத்தில் வல்லபபாயும் நகரசபைத் தலைவர்களாயிருந்து குழாயையும் சாக்கடையையும் கவனித்த பின்னரே தேசத்தின் நிர்வாகத்துக்கு வந்தார்கள். நகரசபையின் கண்டிராக்டில் சம்பந்தமுள்ளவர் அதன் அங்கத்தினராயிருக்கத் தகுதியற்றவர் என்று 1920-ம் வருஷத்துச் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமே விதித்தது. கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒன்றாயிருக்கலாகாது என்ற தருமம் நூறு வருஷத்துக்கு முன்பே சட்டமாகிவிட்டது. மைத்துனன் பெயரிலும் நண்பன் பெயரிலும் அந்தத் தருமத்தை ஏமாற்றுவது எளிது என்பதையும் அந்த நூறு வருஷ அனுபவம் கற்றுக் கொடுத்திருக்கிறது.

மன்றமே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ந் தேதி. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளே எஸ்டிமேட்டை அங்கீகரித்தார்கள், டெண்டரை ஏற்றார்கள், பில்லைப் பாஸ் செய்தார்கள். அவர்களில் நல்லவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் கேள்வி கேட்க ஒரு சபை இல்லாத இடத்தில் நல்லவரின் நன்மையும் வெளியே தெரியாது. அல்லாதவரின் தீமையும் வெளியே தெரியாது. இப்பொழுது மன்றங்கள் மீண்டும் உண்டாகியிருக்கின்றன. டெண்டர் தீர்மானங்களைப் பத்து நிமிஷத்தில், ஆட்சேபணையின்றி, மொத்தமாக நிறைவேற்றும் மன்றத்துக்கும், மன்றமே இல்லாமலிருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அங்கத்தினர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை மேடைதோறும் எடுத்துக் கூறிப் பெருமை பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலையைப் பற்றிச் சொல்லுகிறவர்கள் அதில் உள்ள மற்றொரு விதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஏரி வாரியம் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாகாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகாது என்பதே அது. தேர்தலைவிடக் கணக்கை முக்கியமாகக் கருதிய முன்னோர்களின் பெருமையை வாயால் பேசினால் போதுமா?

அண்மைக் காலத்திலும் அந்த வழியில் சென்றவர்கள் இருக்கிறார்கள். ராஜஸ்தானத்தில் ஏழை விவசாயிகளும் கூலியாட்களும் சேர்ந்து மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற சங்கத்தை 1990-ல் ஏற்படுத்தினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊரைக் கூட்டி, அங்கே நடந்ததாகச் சொல்லப்பட்ட பொது வேலைகளின் பில்களையும் கூலிப் பட்டியல்களையும் உரத்துப் படித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த புரட்சி! வேலை செய்யாதவன் பெயரில் கூலி எழுதியிருப்பதையும், வராத பொருளுக்குப் பணம் கொடுத்திருப்பதையும் ஊராரே எழுந்து சொன்னார்கள். ஆடிட்டர் ஆயிரம் காகிதத்தைப் புரட்டினாலும் கண்டுபிடிக்க முடியாததை, எழுதப் படிக்கத் தெரியாத கிழவி ஒருத்தி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். ஏனெனில் அவள் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறாள். அந்தக் கிளர்ச்சியின் பலனாகத்தான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசத்துக்கே கிடைத்தது.

செய்ய வேண்டியவை

பரவை போன்ற ஊர்களுக்கு நாம் கூறும் யோசனைகள் சிலவே. புதுச் சட்டம் எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை.

டெண்டர் கோருவதற்கு முன் எஸ்டிமேட்டின் சுருக்கத்தை, நீளம், அகலம், கனம், தொகை ஆகிய நான்கோடு, எளிய தமிழில் எழுதி அந்தந்தத் தெருவிலேயே ஒட்ட வேண்டும். டெண்டர் திறந்தபின் எத்தனை பேர் கொடுத்தார்கள், ஒவ்வொருவரும் என்ன தொகை கேட்டார்கள், யாருடையது எதற்காகத் தள்ளப்பட்டது என்பதை மன்றக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளில் கண்டிராக்டரின் பெயரும், முடிக்க வேண்டிய தேதியும், பழுதானால் எந்தத் தேதிவரை அவர் தமது செலவில் செப்பனிட வேண்டுமென்பதும் பலகையில் இருக்க வேண்டும். கடைசிப் பில்லைக் கொடுப்பதற்கு முன் அளவுப் புத்தகத்தை அந்தத் தெரு ஜனங்களின் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கண்டிராக்டரும் முன்பு செய்த வேலைகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கு அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். அடுத்த டெண்டரில் தகுதி பார்க்கும்போது அது உதவும்.

அதிகாரிகளும் மன்றத்தாரும் தாமாகவே இவற்றைச் செய்வார்களானால் அவர்களைப் பாராட்டுவோம். செய்யாவிட்டால் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்திரங்களைப் பார்க்க மட்டும் உரிமை தரவில்லை. நடக்கும் வேலையை நேரில் பரிசோதிக்கவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் அதில் இடமிருக்கிறது. இதை அறிந்தவர்கள் மிகச் சிலர்; பயன்படுத்தியவர்கள் அதிலும் சிலர். பரவையின் ஒரு தெருவில் பத்துப் பேர் சேர்ந்து, பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தி, எங்கள் தெருத் தளத்தின் எஸ்டிமேட்டையும் அளவுப் புத்தகத்தையும் பார்க்க வேண்டுமென்று ஒரு மனு எழுதிப் போடட்டும். அடுத்த டெண்டரின் தரம் அன்றே உயரத் தொடங்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஊர்ப் பணம் யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. யாருடையதுமல்ல என்று நினைக்கிறவன் எடுத்துக்கொள்கிறான். என்னுடையது என்று நினைக்கிறவன் கணக்குக் கேட்கிறான். வீடு கட்டும்போது செங்கல்லைத் தட்டிப் பார்த்து, சிமெண்டு மூட்டையை எண்ணிப் பார்த்து, மேஸ்திரியிடம் நாள் முழுவதும் சண்டை போடும் அதே குடும்பத் தலைவர், வாசலைத் தாண்டிய பின் குருடராகிவிடுகிறார். அந்த ஒரு படியைத் தாண்டியும் அவருடைய கண் திறந்திருக்குமானால், ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வேறு காவல் வேண்டியதில்லை. வரியைக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்ற எண்ணம் அடிமைக் காலத்துக்குரியது. கொடுத்த வரிக்குக் கணக்குக் கேட்பது சுதந்திரப் பிரஜையின் உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும். பரவை மக்கள் அந்தக் கடமையைத் தங்கள் தெருவிலிருந்தே தொடங்குவார்களென்று நம்புகிறோம்.